குறித்துக்கொள்ளுங்கள்

வடக்கே எட்டு பாகை, முப்பத்தாறு கலை.
கிழக்கே முப்பத்து மூன்று, நான்கு.
குறித்துக்கொண்டீர்களா, மேஜர்?
திருப்பிச் சொல்லுங்கள்.

மேஜர் தார்ஜியாத் எதையோ மென்றபடி
திருப்பிச் சொல்கிறார்.
கிழக்கில் ஒரு கலை பிசகுகிறது.
ஒரு கலை பிசகினால் சோபாட் ஆற்றின் மறுகரை.
மறுகரையில் மாட்டுப்பட்டி, உறங்கும் பையன்கள்.
இன்னொரு முறை, என்கிறேன்.
சாட்டிலைட் போனில் காசு கரைகிற சத்தம்
எனக்கு மட்டும் கேட்கிறது.

அடுத்த அழைப்பு அந்தப் பக்கத்துக்கு.
கோவாங் தோவானின் பதவி என்னவென்று
யாருக்கும் நிச்சயமில்லை.
போன மழைக்குக் கர்னல்,
இந்த மழைக்கு ஜெனரல் என்கிறார்கள்.
ஐயா, என்று பொதுவாகத் தொடங்குகிறேன்.
அதே எண்கள், அதே வரிசை.
சிரிக்கிறார்.
"அந்தத் தகரக் கூரையை எனக்குத் தெரியாதா?
என் இரண்டாவது மகன் அங்கேதான் பிறந்தான்.
அது இருக்கட்டும், நீ யார் வீட்டுப் பெண்?"

யார் வீட்டுப் பெண் என்று சொன்னால்
எந்தப் பக்கம் என்று சொன்னதாகும்.
மருத்துவமனை வீட்டுப் பெண், என்கிறேன்.

குறித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல முடிகிறது.
குறிவைக்காதீர்கள் என்பதை
வேறெப்படிச் சொல்வது?
இரண்டு சொல்லுக்கும் நடுவே
கொஞ்சம் இரைச்சல், ஒரு மனிதனின் மூச்சு.

மூன்றாவது அழைப்பு மருத்துவச்சி நியாபோத்துக்கு.
"எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டாயா?"
சொல்லிவிட்டேன்.
"இரண்டு பேருக்குமா?"
இரண்டு பேருக்கும்.
வெகுநேரம் ஒன்றும் இல்லை.
பிறகு,
"அப்படியானால் இன்றிரவு எங்கே படுப்பது?"

ஓமோத்தின் பரிசலில் தொள்ளாயிரம் மூட்டை சோளம்,
பிள்ளைகளுக்கு நிலக்கடலைப் பசை நாற்பது பெட்டி.
மூட்டைகளின் மேல் பன்னிரண்டு சிப்பாய்களையும்
ஓர் இயந்திரத் துப்பாக்கியையும்
உட்காரவைக்கலாம் என்கிறார் மேஜர்.
இலவசம்தான்.
அவர்கள் ஏறினால் சோளம் சோளமாக இருக்காது, மேஜர்.
"சரி. சுட்டால் என்னைக் கேட்காதே."

மூன்று நாள் துறையிலேயே கட்டிக் கிடந்தோம்.
மழை.
அடிவரிசை மூட்டைகள் முளைவிட்டன,
சாக்கின் கண்ணிகளில் வெள்ளை வெள்ளையாய்.
தினமும் மாலை வானொலியில்
நியாபோத் ஒரே குழந்தையின் எடையைச் சொல்வாள்,
ஏனென்று நான் கேட்டதில்லை.
ஐந்து கிலோ இருநூறு.
ஐந்துக்குக் கொஞ்சம் கீழே.
மூன்றாம் மாலை
டீசல் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் சொன்னாள்.

வேண்டாம் என்று சொன்னது நான்தான்.
சொன்னது சரிதான்.
இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுதினேன்,
பத்தி நான்கு, பத்தி ஐந்து.

நான்காம் நாள் தாள் வந்தது,
ஒரு பக்கத்தின் முத்திரை, மறு பக்கத்தின் பெருவிரல் ரேகை.
முதல் காவல் சாவடியில் டீசல் கேட்டார்கள்.
இரண்டாவதில் சோப்பு.
மூன்றாவதில் ஒரு பையன்,
அத்தை வீடு வரை ஏற்றிக்கொள் என்றான்.
துப்பாக்கி ஏறாது, என்றார் ஓமோத்.
அதைக் கீழே வைக்க
அவனுக்கு அனுமதி இல்லை.
ஏறாமல் கரையோடு நடந்தான்,
கோரைகளைத் தள்ளிக்கொண்டு, பரிசலுக்கு இணையாக.
துணைப்படை வேண்டாமென்று
மூன்று நாள் வாதாடியவள்
அவன் பின்தங்கும் இடங்களில்
திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மணிக்கொரு முறை புது எண்கள்.
இப்போது இங்கே, மேஜர்.
இப்போது இங்கே, ஐயா.
திருப்பிச் சொல்லுங்கள்.

சாயங்காலம் தகரக் கூரை தெரிந்தது.
கட்டில்களில் யாரும் இல்லை.
விளக்கு மட்டும் எரிந்தது.
எல்லோரும் முன்னூறு அடி தள்ளி
கோரைக்குள் கொசுவலை கட்டிக்கொண்டிருந்தார்கள்,
பிரசவம் முடிந்து இரண்டு நாளான ஒருத்தி உட்பட.
நியாபோத் மூட்டைகளை எண்ணினாள்.
முளைத்ததைத் தனியாக ஒதுக்கச் சொன்னாள்,
சாராயம் காய்ச்சுகிறவர்கள் வாங்குவார்கள்.
என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"கோபித்துக்கொள்ளாதே.
பகலில் உன் எண்களில்தான் இருக்கிறோம்."