மியர்பேங்க், பகல் தூக்கம்

துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குபேன்
ஆஸ்திரேலியக் கப்பல்காரன் ஒருவனிடம்
அரை வாரக் கூலிக்கு வாங்கி வந்தான்,
ஓரம் நனைந்த எல்பி.
அட்டையில் நான்கு பையன்கள்.
ஒருவனும் தலை வாரவில்லை.

ஊசி வைத்தேன்.
முன்னுரை இல்லை, வணக்கம் இல்லை,
தகரக் கூரைமேல் யாரோ செருப்போடு ஓடுகிற கிட்டார்.

சத்தம் எனக்குப் புதிதல்ல.
ஜேக்கப்ஸில் அறுபது தையல் மெஷின்
ஒன்றாக ஓடினால் இதேதான்.
ஆனால் அங்கே
மெஷினுக்கு மேலே கத்தியவர் யாருமில்லை.

இவன் கத்துகிறான்,
கடன்காரனுக்குக் கதவைத் திறக்காமலே
பதில் சொல்பவன் மாதிரி, மூக்கால்.
சுருதியா? அது
வந்த கப்பலிலேயே திரும்பிப் போயிருக்கும்.

மூன்றாம் பாட்டில்
சுவர் இடிந்தது.
ஒட்டு வீட்டுப் பொன்னன் படையாச்சி,
ரிஃபைனரியில் இரவு ஷிப்ட் முடித்துப்
படுத்த மனுஷன், முஷ்டியால் குத்துகிறார்.
தட். தட்தட். தட்.
ஒரு குத்துகூடத் தாளம் தப்பவில்லை.

பயந்து ஊசியைத் தூக்கினேன்.
பாட்டு நின்றும்
சுவர் இன்னும் இரண்டு அடி வாசித்தது.

பிறகு அந்தப் பக்கமிருந்து:
"முடிஞ்சுதா?"
"இன்னொரு பக்கம் இருக்கு, அங்கிள்."
கட்டில் கிறீச்சிட்டது.
"போடு. தூக்கம்தான் போயிட்டுதே."

திருப்பிப் போடும்போதுதான் பார்த்தேன்,
அட்டையின் அடியில், பொடி எழுத்தில், பிரிஸ்பேன்.
எங்கே இருக்கிறதோ.
அங்கேயும் நைட் ஷிப்ட் உண்டு போல,
அங்கேயும்
மெல்லிய சுவர்தான் போல.