நகக் கணக்கு

பீடி கட்டுகிற நூல்துண்டு என்றுதான் நினைத்தேன்.
எங்கள் வீட்டில் அது கிடக்காத இடமில்லை,
சோற்றில், சீப்பில், சாமி படத்துக் கண்ணாடியில்.
வெள்ளை நூல். அரை விரற்கடைகூட இல்லை.
கிள்ளி எடுக்கப் போனேன்.
நெளிந்தது.

மணி பதினொன்றரை. முக்கூடலில் கரண்டு இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் குப்புறக் கிடந்தாள் முப்பிடாதி.
ஆறு வயசு.
"அரிக்கும்மா, பின்னால யாரோ நடக்காவ" என்று
மூன்று ராத்திரியாய்ச் சொன்னவள்.
மூன்று ராத்திரியும் முதுகில் ஒன்று வைத்து
ஒறங்குட்டி என்றிருந்தேன்.
அந்த அடியை எங்கே போய்த் திருப்பி எடுக்க?

சேவு மிட்டாய் தின்றதால்தான் என்றாள்
கொழுந்தன் பெண்டாட்டி கோமு.
"மிட்டாய் பாவம், அது என்ன செஞ்சுது"
என்றாள் நர்ஸ் ஜெபக்கனி.
"ராத்திரி வெளிய வந்து முட்டை போடும்.
பிள்ளை சொறியும். முட்டை நகத்துக்குள்ள ஏறும்.
நகம் வாய்க்குப் போகும், வாய் குடலுக்கு.
உங்க ஊரு மினி பஸ் மாதிரிதான்,
போன ரோட்டுலயே திரும்பி வரும்."

வீட்டில் எத்தனை பேர்?
ஆறு.
"ஒரே நாள்ல எல்லாரும் போடணும்.
முழுகாம இருக்கிறவ டாக்டரைக் கேக்காம தொடக் கூடாது."
கோமுவுக்கு மூன்றாம் மாசம்.
ஐந்து பேருக்கு எண்ணித் தந்தாள்,
மூன்று வயசுப் பயலுக்கு எவ்வளவு என்று தனியாக எழுதி.
அப்புறம் என் கையைப் பார்த்தாள்.

வலது கட்டைவிரல் நகம்.
பதினொரு வருசமாய் வளர்த்து வைத்திருக்கிறேன்.
மற்றவர்கள் தகரம் வைத்து மடக்குவார்கள்,
எனக்கு நகம்தான்; ஒரு அழுத்து, பீடி வாயை மூடிக்கொள்ளும்.
இந்த நகத்தோடுதான் சோறு பிசைந்தேன்.
இந்த நகத்தோடுதான் உருட்டி ஊட்டினேன்.
ஆயிரம் பீடி ஒரு நாளைக்கு.
எந்தெந்த ஊர்க்காரன் வாய்க்கெல்லாம்...
வேண்டாம், அதை நினைக்க வேண்டாம்.
பிளேடால் வெட்டினேன்.
காகிதத்தில் பொதிந்து குப்பையில் போட்டேன்,
பல் விழுந்த பிள்ளை மாதிரி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கொண்ணும் அரிக்கல" என்றார் என் வீட்டுக்காரர்.
பேர் சொரிமுத்து.
பக்கத்து வீட்டுக்காரி ர-வை எடுத்துவிட்டு ற போட்டுச் சிரித்தாள்.
அந்தக் கோபத்தில் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.
தோசைக்குள் மறைத்து வைக்கலாமா என்று பார்த்தேன்.
முப்பிடாதி செம்பில் தண்ணீரோடு போய் நின்றாள்.
"ஒங்களுக்கு அரிக்கலேன்னா
எனக்கும் அரிக்காதுப்பா" என்றாள்.
கணக்கு புரியவில்லை, ஆனால் விழுங்கினார்.

விடிந்ததும் பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன்.
போர்வையை உதறக் கூடாது,
உதறினால் முட்டை பறக்குமாம்;
சுருட்டி அப்படியே நெல் அவிக்கிற பானைக்குள்.
கொதித்த தண்ணீரில் போர்வை மிதந்து
என்னைப் பார்த்தது.
தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தேன்.
கோமு சோப்பும் கையுமாய் அலைந்தாள்,
ஒரு நாளைக்கு இருபது தடவை.

தகரம் பழகவில்லை. அறுநூற்றிருபதுதான் ஆனது.
கடையில் இரண்டு கட்டைக் கழித்துப் போட்டார்கள்.
"வாய் மூடலியே, நகம் என்னாச்சு?"
வரிசையில் பன்னிரண்டு பொம்பளைகள்.
"பிள்ளைக்குப் பூச்சி. வீடு பூரா மருந்து" என்றேன்.
ஒருத்தியும் பேசவில்லை.
எல்லோரும் சுளகைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் மாடத்தி வந்தாள், நர்ஸ் எப்ப இருப்பா?
அக்கா மகளுக்காம்.
பிறகு பிச்சம்மாள், அவளுக்கும் அக்கா மகளுக்கு.
மூன்றாவதாய் வந்தவளுக்கு அக்காளே கிடையாது.

பதினாலாம் நாள் இன்னொரு மாத்திரை,
முட்டையிலிருந்து பிழைத்து வருவதற்கு.
பீடி பாஸ்புக்கில் அந்தத் தேதிக்கு நேராய்
'நூல்' என்று எழுதியிருக்கிறேன்.
படிக்கிறவர்கள் கம்பெனி நூல் என்று நினைக்கட்டும்.

இன்றைக்குப் பார்த்தேன்.
நகம் ஒரு நெல் கனம் வளர்ந்திருக்கிறது.
பிளேடை எடுத்தேன்.