பூஜ்யத்துக்குக் கீழே

நோவோசிபிர்ஸ்க், பிப்ரவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
காற்றுச் சுரங்கத்தின் மோட்டார் சூட்டில்
ஸகார் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருக்கிறான்.

கண்ணாடிக்குப் பின்னால்
இருபது டிகிரி மூக்கை நிமிர்த்தி நிற்கிறது இறக்கை.
ஒரு முழம் அகலம். பறந்ததில்லை, பறக்கப்போவதும் இல்லை.
புகை விட்டால் தெரியும்:
முன்விளிம்பு வரை இழைந்து வந்த வெண்கோடு
அங்கேயே கைவிட்டு
சுருண்டு
சுருண்டு
முதுகின் மேல் வெறும் கலங்கல்.

விளிம்பில் பதினாறு துளைகள், ஊசிக்காது அளவு.
அவற்றின் வழியே ஓர் ஊதல், இமைப்பதற்குள் முடிந்துவிடும்.
தூக்குவிசை ஏற வேண்டும்.
ஏறியது.
ஏறுமுன் இறங்கியது.

அந்தப் பள்ளத்தை மூன்று வாரம் அழித்துவந்தேன்.
அதிர்வு என்றேன். கம்பி தளர்ந்திருக்கும் என்றேன்.
வடிகட்டி போட்டு வழித்தெடுத்த வளைகோடு
வெண்ணெய் மாதிரி இருந்தது.

ஸகார் தராசைப் பிரித்துத் துடைத்துப் பூட்டி
ஐம்பது கிராம் கல்லைத் தொங்கவிட்டான்.
ஐம்பது என்றது.
"இது பொய் சொல்லாது, ரூஃபினா அர்கதியெவ்னா,"
என்று என் திரையைப் பார்த்தான்.
பெயரை முழுசாகச் சொன்னால் கோபம் என்று அர்த்தம்.

பிறகுதான் படம் படமாகப் பார்த்தேன்.
ஊதல் பட்டதும்
முதுகில் தேங்கிக் கிடந்த சுழல் அறுந்து கிளம்புகிறது.
போகிற போக்கில்
மிச்சமிருந்த கொஞ்சம் உறிஞ்சலையும் வாரிக்கொண்டு போகிறது.
அது பின்விளிம்பைக் கடந்த பின்னர்தான்
புதுக்காற்று வந்து முதுகில் ஒட்டுகிறது.
ஒட்டியதும் மெல்ல மெல்ல விட்டுவிடும்.

ஆக, ஓர் ஊதலுக்கு ஒரு வளைகோடு:
பள்ளம், மேடு, நீண்ட வால்.
அடுத்த ஊதல் இதன் வாலை மிதித்துக்கொண்டு வரும்.
எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி அடுக்கிக் கூட்டுவதுதான் என் மாதிரி.

என் பழைய நிரலுக்குப் பள்ளம் தெரியாது.
எதிர்க்காற்று தாக்கியபோது
விசை குறையக் கண்டு ஊதியது,
ஊதியதால் குறையக் கண்டு இன்னும் ஊதியது.
இறக்கை குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்க
ஸகார் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான்.

இன்று புது நிரல். காற்று வந்தது.
ஒரே ஒருமுறை ஊதிவிட்டுக் காத்திருந்தது.
எண் பூஜ்யத்துக்குக் கீழே போனது.
நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
பிறகு எழுந்தது.

அளந்த கோடும் கணித்த கோடும்
திரையில் ஒன்றன்மேல் ஒன்று,
நான்காவது ஊதலில் மட்டும் ஒரு மயிரிழை விலகல்.
"அதையும் வழித்துவிடுவாயா?" என்றான் ஸகார்,
கெட்டிலில் தண்ணீர் பிடித்தபடி.

கோப்பைச் சேமித்தேன்.
விலகல் அப்படியே இருக்கிறது.