நீலப் பரல்

பாசையூரில் ஐஸ் மீன் ஏற்றிய பரல்,
வெளியே நீலம்.
நாலாயிரம் சொன்னவன்
மூவாயிரத்து எண்ணூறுக்குத் தந்தான்.
எட்டுத் தரம் கழுவியும்
மூடியில் இன்னும் சூடை மணக்கும்.

உள்ளேயும் நீலமாயிருந்தால் வருத்தம்.
அவுரியின் குணம் அது.
சுகமாயிருக்கிற நாளில் மஞ்சளோ பச்சையோ,
பழைய நல்லெண்ணெய்ப் போத்தலின் நிறம்;
மேலே செம்புத் தகடாய் ஓர் ஆடை,
நடுவில் ஊதாவாய்க் கொஞ்சம் நுரை.
நீலம் தெரியத் தொடங்கினால்
துணிக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை.

செவ்வாய் காலை மூடியைத் திறந்தேன்.
கடல் மாதிரி இருந்தது.
வேறொரு நாளில் வடிவென்று சொல்லியிருப்பேன்.

பிழை என்னுடையதுதான்.
முதல்நாள் ஜெனிற்றாவோடு கணக்குச் சண்டை.
வாய் அவளிடம், கை பரலில்.
அகப்பையால் அடித்துக் கலக்கிக்
காற்றை அள்ளி அள்ளி ஊட்டிவிட்டேன்.

கொழும்பிலிருந்து போன்:
"நாப்பது சால்வையும் வெள்ளிக்கிழமை வருமோ?"
"ஓமோம், காயுது" என்றேன்.
நாற்பதும் அலுமாரிக்குள்
வெள்ளையாய் மடித்தபடி கிடந்தன.

இரண்டு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன்.
சவர்க்காரம் போல வழுக்கவேண்டும்,
வழுக்கவில்லை.
எங்கள் கிணற்றுத் தண்ணீரே பாதி சுண்ணாம்பு,
கேத்திலின் அடியைப் பார்த்தால் தெரியும்;
என்றாலும் காணாது.
நீற்றுச் சுண்ணாம்பு மூன்று கரண்டி.
பனங்கட்டி இரண்டு குட்டான்
சுடுநீரில் கரைத்து
விளிம்போடு வழியவிட்டேன், சத்தம் வராமல்.
சாக்கால் சுற்றிக் கட்டினேன்.
மார்கழிக் கூதல் அதற்கு ஒத்துவராது.

ஜெனிற்றா கணக்குக் கொப்பியோடு வந்தாள்.
பரலுக்குள் எட்டிப் பார்த்தாள்.
கொப்பியை மூடினாள்.
"பனங்கட்டி இப்ப என்ன விலை தெரியுமே?"
"தெரியும்."
"இன்னொரு குட்டான் போடு."

அதற்குப் பிறகு செய்யவேண்டியது
ஒன்றும் செய்யாமலிருப்பது.
எனக்குக் கைவராத வேலை.
மூன்று தரம் மூடியில் கைவைத்தேன்,
மூன்று தரமும் அவள் இருமினாள்.

வியாழன் விடிய
பழைய தேர்தல் பதாகையில் ஒரு துண்டு கிழித்து
மெல்ல இறக்கினோம்.
எடுத்தபோது பச்சை.
கொஞ்ச நேரம் பச்சையாகவே நின்றது;
இரண்டு பேரும் பேசவில்லை.
பிறகு ஓரத்திலிருந்து ஏறத் தொடங்கியது நீலம்,
"வாக்" என்று பாதியில் கிழிந்த சொல்லைச் சுற்றி.
பெயின்ற் இருந்த இடத்தில் மட்டும் பிடிக்கவில்லை.

அவள் கொப்பியைத் திறந்து
"பனங்கட்டி, 3" என்று எழுதினாள்.

நான் போனை எடுத்தேன்.
"தங்கச்சி, அண்டைக்குச் சொன்னது பொய்.
இன்னும் தோய்க்கவேயில்லை.
திங்கள் எண்டால்?"

அந்தப் பக்கம் சத்தமில்லை.
போனைப் பிடித்த பெருவிரலின் நகம்
பச்சையிலிருந்து மாறிக்கொண்டிருந்தது.