மேல் சி

தார்த்துவில் பனி ஈரமாய் விழுந்த சனிக்கிழமை.
மின்சாரம் கொடுக்காத கீபோர்டுகளை
அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன்.
எண்பத்தெட்டுக் கட்டை என் சலவை எந்திரத்தின் மேல் கொள்ளாது.
இருபத்தைந்தில் இடக்கை எங்கே போகும்?

வீட்டில் இரும்புச் சட்டத்தில் திருகிய சிந்தசைசர்,
கட்டையில்லாப் பெட்டி,
பச்சைத் திரையில் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

ராய்வோ மலிவானதைத் தட்டிக் காட்டினான். புதுசு.
அழுத்தினேன். அழுத்திய பின்னும் கொஞ்சம்.
பலகைபோல் நின்றுவிட்டது.

அடுத்தது அறுபத்தொன்று, பழசு,
மேல் சி உடைந்தது.
அடிவரை போன விரலுக்கு
அங்கேயும் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தது.

விரலுக்கேற்ற வீக்கம்தான்.
சுமந்துகொண்டு ஏறினேன். மிடி கேபிள் கோட்டுப்பையில்.
மேல் சி வராத மெட்டு ஒன்று
இரண்டாம் நிறுத்தத்துக்குள் பாதி வந்துவிட்டது.