நாற்பத்து மூன்று

நின்றால் நாற்பத்து மூன்று பவுண்டு.
உறுமவிட்டாலும் நாற்பத்து மூன்று.
ஓடினால்தான்,
அதுவும் மூன்றாம் கியரில்தான்,
முள் சரிகிறது:
முப்பத்தெட்டு, முப்பத்தொன்று, இருபத்தாறு.
வண்டி இருமுகிறது.
ஹெப்சிபா காலை எடுத்துவிடுகிறாள்.

மாமாங்கம் தாண்டி
விலைபோகாத மனைப்பிரிவின் நாற்பதடித் தார்ச்சாலை.
இருபுறமும் எண் எழுதிய கற்கள்.
ஞாயிறு விடிகாலை மட்டும்
உரிமையாளர் கேட்டைத் திறந்துவிடுவார்,
சேர்வராயன் மலைமேல் விளக்குகள் அணையாத நேரம்.
எழுபத்திரண்டாம் கல்லில் கிளம்பினால்
நூற்றுப்பதினாறில் இருமல்.
எப்போதும் அதே கல்.
"அந்த மனையை மட்டும் எவனும் வாங்கக்கூடாது" என்றான் இம்தாத்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம்.
வெள்ளை.
சாலைக்கு அப்பால் குவிந்து கிடக்கும்
வெள்ளைக்கல் சுரங்கத்துக் கழிவு மேட்டைப்போல
ஈரம் படாத வெள்ளை.
பெட்ரோல் போதவில்லை, வெறுங்காற்றைத் தின்கிறது.
இன்னும் இரண்டு ஓட்டம் இப்படிப் போனால்
பிஸ்டனில் ஓட்டை.

கணக்கு எழுதுவது என் வேலை.
பம்பு, புதிது: ஒன்பதாயிரத்து நானூறு.
ஃபில்டரை அறுத்துப் பார்த்தோம், மடிப்பெல்லாம் சுத்தம்;
அறுத்துவிட்டதால் இன்னொன்று: அறுநூற்றைம்பது.
ரெகுலேட்டர் கோவையிலிருந்து பஸ்ஸில் வந்தது: நாலாயிரம்,
டிரைவருக்கு டீக்காசு தனி.
பம்புக்குப் போய்ச் சேர்வது
பதினொன்று புள்ளி இரண்டு வோல்ட்தான் என்று கண்டுபிடித்த இரவு
திருடனைப் பிடித்துவிட்ட மிதப்பில்
ஆளுக்கு இரண்டு தட்டுவடை செட்,
பூண்டுக் காரம் மூக்கில் ஏற.
தடித்த ஒயர், புது ரிலே.
பதின்மூன்று புள்ளி எட்டு வந்தது.
ஞாயிறு வந்தது.
நூற்றுப்பதினாறும் வந்தது.

பட்டறையிலோ ஒரு குறையும் இல்லை.
குழாயைக் கேனுக்குள் விட்டு
நான் கடிகாரம் பிடித்தேன்:
முப்பது நொடி, இரண்டு லிட்டர்.
கேனிலிருந்து டாங்குக்கு ஊற்று. திரும்பப் பிடி.
ஆறு முறையும் இரண்டு லிட்டர்.
ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும்
காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை.

அடுத்த ஞாயிறு
இருமிய இடத்திலேயே வண்டியை நிறுத்தி
ஹெல்மெட்டோடு இறங்கி வந்து
டாங்க் மூடியைத் திருகினாள் ஹெப்சிபா,
பெட்ரோல் இருக்கிறதா பார்க்க.

ஸ்ஸ்ஸ்ஸ் என்று
ஒரு மூச்சு.
வெளியே அல்ல, உள்ளே.
முங்கிக் கிடந்தவன் தலைதூக்கி இழுப்பதுபோல.

மூவரும் பேசவில்லை.
பட்டறையில் ஆறு முறை சோதித்தபோதும்,
ஊற்ற வசதியாக இருக்கட்டும் என்று,
மூடியைத் திறந்தே வைத்திருந்தது நான்.

டாங்கின் முதுகிலிருந்து இறங்கும்
சுண்டுவிரல் பருமன் காற்றுக்குழாய்.
இம்தாத் வாய்வைத்து ஊதினான்,
கன்னம் உப்பியதுதான் மிச்சம்.
கம்பி விட்டுக் குடைந்ததும்
பொலபொலவென மண்.
குளவி மண்.
ஐப்பசி மழையில் இரண்டு மாதம்
காலி டாங்கோடு தார்ப்பாய்க்கடியில் கிடந்த வண்டிக்குள்
யாரையும் கேட்காமல் கட்டிய வீடு.
அறைக்குள் காய்ந்த சிலந்திகள் நான்கு,
பாதி வளர்ந்து நின்றுபோன ஒரு புழு.
மண்ணை எங்கே எடுத்தது என்று சொல்லவேண்டியதில்லை,
பிளக்கில் பார்த்த அதே வெள்ளை.

ஐந்து லிட்டர் டாங்க்.
பம்பு இழுக்க இழுக்க
போனதன் இடத்துக்குக் காற்று வர வழியில்லை.
உறிஞ்சியவனின் கன்னம்போல் தகரம் ஒட்டிக்கொள்ள
பம்பு எதை அள்ளும், பாவம்,
புதுசாக இருந்தென்ன.

குழாய் நுனியில் கொசுவலைக் கம்பித் துண்டு: பத்து ரூபாய்.
எழுபத்திரண்டிலிருந்து கிளம்பினாள்.
முள் நாற்பத்து மூன்றில் நட்டுவைத்த கம்பம்.
நூற்றுப்பதினாறு, நூற்றிருபது, நூற்றைம்பது,
பிறகு கல்லே இல்லாத இடம்.

திரும்பி வந்தபோது
நான் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன்:
பதினாலாயிரத்துச் சொச்சமும் பத்து ரூபாயும்.
கம்பிவலையைச் சுற்றி
ஒரு குளவி வந்து வந்து பார்த்துப் போனது.
அதுதானா, வேறா, தெரியாது.

ஹெல்மெட்டைக் கழற்றியபடியே சொன்னாள்:
"நாலாவதுல என்னமோ கரகரங்குது."

பக்கத்தைத் திருப்பினேன்.