பதினாறு புள்ளி இரண்டு

கழனிவாசல் பட்டறையில்
அடைக்கலம் பிளக்கைக் கழற்றி
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"காப்பித்தூள் கலரு. போதும், போ.
மீட்டருக்குக் குடுக்கிற காசுல
ரெண்டு டயர் மாத்தலாம்."

டர்போ ஏற்றிய பழைய எஸ்டீம்.
காற்றை அள்ளித் திணிக்கிறேன்,
பெட்ரோல் ஈடுகொடுக்கிறதா?
பிளக் நேற்றைய கதையைத்தான் சொல்லும்.
பதினெட்டாயிரம்.
வாங்கிவிட்டேன்.

அமராவதிபுதூர் தாண்டி, இரவு,
மூன்றாம் கியரில் மிதித்தேன்.
பன்னிரண்டில் நிற்கவேண்டிய எண்
பதினாறு புள்ளி இரண்டு.
கால் தானாக எழுந்தது.
வண்டிக்கு ஒன்றுமில்லை,
எனக்குத்தான் பிஸ்டன் உருகியது.

பம்பை மாற்றினேன். பதினாறு.
இன்ஜெக்டரைக் கழுவினேன். பதினாறு.
கடைசியில் அடைக்கலம்
சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தடவ
சைலன்சர் மூட்டில் நுரை கொப்பளித்தது.
மயிரிழை வெடிப்பு.
அதன் வழியே புகுந்த வெளிக்காற்றையும்
சென்சார் சேர்த்து எண்ணியிருக்கிறது.

"பாத்தியா?" என்றான்.
பார்த்தேன்.
மீட்டர் இல்லாமல் அந்த வெடிப்பை
யார் தேடியிருப்பார்கள்?
கேட்கவில்லை.
வெல்டிங்குக்கு இருநூறு கொடுத்தேன்.

திரும்பும்போது பன்னிரண்டு புள்ளி மூன்று.
என்ன அழகான எண்!
அதையே பார்த்துக்கொண்டு வந்ததில்
தேவகோட்டை ரஸ்தா அருகே
பள்ளத்தைப் பார்க்கவில்லை.
முன் டயர் போயிற்று.
ஸ்டெப்னியும் வழுக்கை.